தசரதன் கொடுத்த நகத்தளவு தசை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் மீட்புக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர் தசரதன். அடியில் பாறை சரிந்து காற்று கெட்டுப்போனால், முதுகில் ஆக்சிஜன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்குகிற ஆறு பேரில் அவரும் ஒருவர்.

1998இல், ஐம்பத்து மூன்று வயதில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது நெஞ்சை அடைத்தது. பெங்களூரில் பரிசோதித்துவிட்டு, இதயத்துக்கு ரத்தம் போகும் மூன்று குழாய்களில் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் நளினி என்ற ஆராய்ச்சி டாக்டர் அவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். ரத்தத்தை மெஷினுக்குக் கொண்டுபோகும் குழாயை இதயத்தின் மேலறையில் செருகும்போது நகத்தளவு தசையை வெட்டி எடுப்பார்கள், அது குப்பைக்குத்தான் போகும், அதைத் தன் ஆய்வுக்குத் தர முடியுமா என்று கேட்டார்.

தசரதனின் மனைவி பாப்பம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இருக்கறதே ஒரு இதயம். அதுல துண்டு வேற கேக்குறீங்களா?”

“எனக்காகத் தனியா எதையும் வெட்ட மாட்டாங்கம்மா. நீங்க வேணாம்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராது.”

தசரதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எடுத்துக்கினு போய் இன்னா பண்ணுவீங்க?”

“ரெண்டு இழையாப் பிரிச்சு, ஆக்சிஜன் கலந்த வெதுவெதுப்பான உப்புத் தண்ணில கட்டித் தொங்கவிடுவோம். லேசா கரண்ட் குடுத்தா சுருங்கி விரியும். அப்புறம் ஆக்சிஜனை நிறுத்திடுவோம். ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் திரும்பக் குடுத்து, எவ்வளவு பலம் வருதுன்னு பாப்போம்.”

“காத்தையே நிறுத்திடுவீங்களா!” தசரதனின் முகம் மாறிவிட்டது. காற்றில்லாமல் கிடந்தவர்களைத் தோளில் தூக்கி வந்தவர் அவர்.

“அதுக்குத்தான் ஒரு மருந்து. தசையோட செல்லுல பொட்டாசியம் வெளிய போற வாசல்கள் இருக்கு. மருந்து அதைத் திறந்துவிட்டா, ஆக்சிஜன் இல்லாத நேரத்துல செல் கம்மியா வேலை செய்யும். இருக்கற சக்தியைச் செலவழிக்காம உயிர் பிழைச்சுக்கும்னு நினைக்கிறோம்.”

“அட, நாங்க சொல்றதும் அதான்! உள்ள மாட்டிக்கினவன்கிட்ட, ஓடாத, கத்தாத, ஆள் வர்ற வரைக்கும் குந்திக்கினு இருன்னுதான் சொல்வோம்.”

“ரெண்டு இழைக்கும் மருந்து உண்டா?” என்று பாப்பம்மா கேட்டாள்.

“ஒண்ணுக்குத்தாம்மா. இல்லைன்னா வித்தியாசம் தெரியாதே.”

“அய்யோ, இன்னொண்ணு பாவமில்ல?”

மூவரும் சிரித்துவிட்டார்கள். முடிவைத் தனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு தசரதன் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறாம் நாள் நளினி ஒரு நீளக் காகிதத்தைக் கொண்டுவந்து படுக்கையில் விரித்தார். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கோடுகள். நடுவில் இரண்டும் படுத்துக் கிடந்தன. ஆக்சிஜன் திரும்பியதும், மருந்து பட்ட இழை முன்பிருந்த பலத்தில் முக்கால் பங்குக்கு எழுந்துவிட்டது. மற்றது பாதியைக்கூடத் தொடவில்லை.

“அப்ப மருந்து ஜெயிச்சிடுச்சு!”

“ஒருத்தரை வெச்சு அப்படிச் சொல்லக் கூடாது சார். இன்னும் நிறைய பேரோடதைப் பாக்கணும்.”

அதன்பின் ஒவ்வொரு செக்கப்புக்குப் போகும்போதும், “எத்தினி பேர் ஆச்சு?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஒன்பது என்றார் நளினி. பிறகு பதினாறு.

2001 ஜனவரியில், இருபத்து நான்கு பேரோடு ஆய்வு முடிந்தது என்றார். பெரும்பாலானவர்களில் மருந்து பட்ட இழைதான் நன்றாக மீண்டிருக்கிறது. ஆனால் உயிருள்ள இதயத்திலும் அப்படி நடக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

“பாருங்க டாக்டரம்மா, பொறுமையாப் பாருங்க,” என்றார் தசரதன், ஏதோ தானே அனுமதி கொடுப்பவரைப் போல.

திரும்பும் ரயிலில் எதிரே இருந்தவர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார். பொட்டாசியம் வாசல்களை விரலால் திறந்து மூடிக் காட்டியபடியே தசரதன் விளக்கினார். பெட்டியே கேட்டது. பாப்பம்மாவும் கேட்டாள். தாங்கள் இறங்க வேண்டிய சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் வந்ததையும் போனதையும் இருவரும் கவனிக்கவில்லை. வண்டி கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் போய் நின்றது.

“நல்லா பேசினீங்க போங்க. இப்ப இன்னா பண்றது?”

“நட,” என்றார் தசரதன். வீடு வரைக்கும் வழியில் எங்கேயும் அவர் உட்காரவில்லை. பாப்பம்மாதான் இரண்டு தடவை நிற்கச் சொன்னாள்.