எல்லைக் கிளுவை

சீவரத்தினத்தார் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் தன் கையால் கல் உடைத்துக் கிணறு வெட்டியவர். அந்தக் கிணற்றைக் காட்டித்தான் பூரணத்தைப் பெண் கேட்டார். பிறகு காணி இராணுவத்தின் முட்கம்பிக்குள் போனது. குடும்பம் சண்டிலிப்பாயில் வாடகைக்கு இருந்தது.

இருபத்தேழு வருடம் கழித்து இராணுவம் காணியை விட்டபோது அங்கே நின்றது காடு. வேம்பும் நாவலும் ஈச்சம்பற்றையும் பின்னிக் கிடந்தன. உடும்பு ஓடியது. கிணற்றுக்குள் வௌவால். மயிலொன்று இவரை அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. பக்கத்துச் சிவதர்ஷன் காணியும் அப்படித்தான். வேலியைக் காணவில்லை.

பூரணம்தான் கண்டாள். நடுக்காட்டில் பருத்த கிளுவைகள் நூல் பிடித்தாற்போல வரிசையில் நின்றன. அந்தக் காலத்தில் வேலிக்கு நட்ட கதியால் தடிகள் மரமாகியிருந்தன. கொப்புக்குக் கொப்பு புலுனிக் குருவிக் கூடு.

"இதுதானப்பா எங்கடை எல்லை. சேவையர் வந்து அளக்குமட்டும் ஒண்டையும் தொடாதேங்கோ."

"உனக்கென்ன தெரியும்? என்ரை காணியைக் கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன். சேவையருக்குப் பாம்பும் பத்தையுமே காட்டுறது?"

ஊரெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு ஜேசிபியைப் பிடித்தார். புலுனிகள் கத்திக்கொண்டு சிவதர்ஷன் பக்கம் பறந்தன. முயலும் கீரியும் பின்னால் ஓடின. மத்தியானம் கிளுவை வரிசையும் அதற்கப்பால் கொஞ்சமும் போய், செம்மண் வெறுமையாய்க் கிடந்தது. "காணி எண்டால் இப்பிடி இருக்கோணும்!" என்றார்.

நிலம் அளக்கும் சேவையர் வந்து, "ஐயா, எல்லை எங்கை?" என்று கேட்டார்.

சீவரத்தினத்தார் கையை நீட்டியபடி நடந்தார். நின்றார். திரும்பி நடந்தார். எங்கும் ஒரே செம்மண்.

"கண்ணை மூடிக்கொண்டு காட்டுவன் எண்டியளாம் அண்ணை," என்றான் சிவதர்ஷன். "மூடிப் பாருங்கோவன்."

சிவதர்ஷனின் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதியிருந்த பரப்பு முழுவதும் அவன் வேலிக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. அதைச் சொல்லக்கூடியது கிளுவை வரிசை மட்டும்தான். இப்போது அவன் உறுதிப்படி அளந்தார்கள். அளவு நாடா கிணற்றைத் தாண்டி வந்து நின்றது.

சிவதர்ஷன் காட்டை வெட்டவில்லை. சுற்றி மதில்தான் கட்டினான். கிணறு உள்ளே. விடியற்காலைகளில் புலுனிகளின் சத்தம் அங்கேதான்.

புதிதாக நட்ட கதியால்கள் வாடியபோது சீவரத்தினத்தார் வாளியை எடுத்துக்கொண்டு மதிலடியில் நின்றார்.

"போய்க் கேளுங்கோவன்," என்றாள் பூரணம். "வெட்டினது நீங்கள்தானே."

வாளியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் குந்தினார். கேட்கவில்லை. கதியால்கள் பட்டுப்போயின.