ஐந்து நாள் பத்தியம்

என் மாமியாருக்குக் கால் வீங்கும். காலையில் ஒன்றும் தெரியாது. பொழுது சாயச் சாயக் கணுக்கால் இருந்த இடம் தெரியாமல் போகும். விரலால் அழுத்தினால் குழி விழும், அது மேலெழும்ப நேரமாகும். களையெடுக்கப் போன இடத்தில் ஒருநாள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார் என்று கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ரத்தக் கொதிப்பு என்று இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்று நீர் மாத்திரை. காலையில் ஒன்று போட்டால் உடம்பில் தேங்கிய நீரெல்லாம் சிறுநீராகப் போய் வீக்கம் வடியும். ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் வந்து காட்டச் சொன்னார்.

யார் போனது? வீக்கம் வடிந்ததும் டாக்டரின் வேலை முடிந்தது என்று ஆகிவிட்டது. பழைய சீட்டைச் சங்கராபுரம் மருந்துக் கடையில் நீட்டினால் மாத்திரை கிடைக்கும். சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பிறகு காலி அட்டையையே காட்டி வாங்கினோம். கால் அதிகம் வீங்கிய நாளில் அத்தை தானாகவே இரண்டாகப் போட்டுக்கொள்வார். "ஒண்ணு போட்டா கேக்கல, ரெண்டு போட்டாத்தான் கேக்குது" என்பார். கரும்புக்கு யூரியா வைக்கிற கணக்குதான் அது.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது எட்டு வருஷம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. சோறு குழைந்தால் ஒரு பேச்சு, விறைத்தால் ஒரு பேச்சு. என் பிறந்த வீடு மணலூர்பேட்டைப் பக்கம். நான் எதைச் செய்தாலும், "உங்க வூட்டுப் பயக்கம் இதானா?" என்று ஒரு கேள்வி வரும். பதில் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டியிருந்தேன்.

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்திருந்த சமயம் அது. என் வீட்டுக்காரர் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்துப் புதுப்பித்தே வயது வரம்பை எட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்த கோபம் எனக்குத் தெரியும், அது நியாயம் என்றும் தெரியும். அதனால் அவர் மரங்களை வெட்டிக் குறுக்கே போட அரிவாளும் கோடரியுமாக ரோட்டுக்குப் போனபோது நான் தடுக்கவில்லை.

மறியலுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை பேதிக்குச் சாப்பிட்டார். மழைக்காலம் தொடங்குமுன் வெறும் வயிற்றில் சுக்குக் கஷாயத்தில் விளக்கெண்ணெய் ஊற்றிக் குடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வயிறு சுத்தமானால் நோய் அண்டாது என்பார்கள். மற்றவர்களுக்கு நாலைந்து முறை போனதும் மோர் குடித்தால் நிற்கும். அத்தைக்கு நிற்கவில்லை. பதினைந்து முறை வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். அன்று காலையில் நீர் மாத்திரையும் இரண்டு போட்டிருந்தார். "ரெண்டும் சேந்தா ஒடம்பு லேசாவும்" என்று என்னிடமே சொன்னார்.

மறுநாள் கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டது. தேய்த்துவிட்டால் இந்தக் கால் விடும், அந்தக் கால் பிடிக்கும். வயிறு உப்பிக்கொண்டது. நெஞ்சு ஒரு அடி விட்டு ஒரு அடி அடிக்கிறது என்றார். பேதியான அலுப்பு என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாள், கொல்லையில் குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான் போய்த் தூக்கினேன். இரண்டு காலும் ஈரத்துணி மாதிரித் தொங்கின.

வாதம் என்று முதலில் சொன்னவள் நான்தான். என் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது எனக்குப் பதினேழு வயது. நாற்பத்தெட்டு நாள் ஒரு பருக்கை பிசகாமல் பத்தியம் வைத்தேன். அப்பா மறுபடி ஆற்றங்கரை வரை நடந்தார். அதனால் அந்த நோய் எனக்குத் தெரிந்த நோய் என்ற திமிர் எனக்கு இருந்தது.

கள்ளக்குறிச்சி ரோட்டில் அன்று காலையிலிருந்தே மரம் விழ ஆரம்பித்துவிட்டது. கல்வராயன் மலைக்குப் போகிற வழியை மட்டும் யாரும் மறிக்கவில்லை. என் வீட்டுக்காரர் சைக்கிளில் அடிவாரம் போய், அங்கே எலும்பு முறிவுக்கும் வாதத்துக்கும் எண்ணெய் காய்ச்சுகிற மலைக்காரப் பெரியவரைப் பார்த்துவிட்டு வந்தார். கையில் எண்ணெய் பாட்டில் இருந்தது, முகம் சரியில்லை.

"ரெண்டு காலும் ஒண்ணா வுயிந்துச்சான்னு கேட்டாரு. ஆமான்னேன். வாதம்னா ஒரு பக்கமாத்தான் இய்க்கும், இது இன்னான்னு எனக்குப் புரியல, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போன்னாரு. நான்தான் எண்ணெய குடுங்கன்னு கேட்டு வாங்கியாந்தேன்."

"மரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு இன்னா பறந்தா போறது? எண்ணெயத் தேய்ப்போம், கேக்கும்" என்றேன். அவருக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. மறுபடி ரோட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் சாப்பிட மட்டும்தான் வீட்டுக்கு வந்தார்.

அன்றே பத்தியம் தொடங்கினேன். வாதத்துக்குக் குளிர்ச்சியும் வாயுவும் ஆகாது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரை, தக்காளி, கிழங்கு, பருப்பு, மோர் எதுவும் கூடாது. புழுங்கலரிசிக் கஞ்சி, மிளகு ரசம், சுட்ட பூண்டு, இவ்வளவுதான். எங்கள் கிணற்றடியில் நாலு தென்னை நின்றது. வாய்க்கால் ஓரம் வாழை தார் போட்டிருந்தது. நீர் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. இங்கிலீஷ் மருந்தை நடுவில் விட்டால் கெடுதல் என்று யாரோ சொன்னது என் மனதில் இருந்தது. வீக்கமெல்லாம் வடிந்து குச்சியாய்க் கிடந்த காலுக்கு, தினம் காலையில் என் கையாலேயே நீர் மாத்திரை கொடுத்தேன்.

மூன்றாம் நாள் பகலில் கிணற்றடியில் யாரோ தேங்காய் பறித்தார்கள். சத்தம் கேட்டு அத்தை கண்ணைத் திறந்தார்.

"நாக்கு வறண்டு போவுது. ஒரு எளநி வெட்டிக் குடேன்."

"ஆவாதுங்க அத்த. அது குளிர்ச்சி."

"ஒரு வாயிதான் கேக்கறேன்."

"கை காலு வோணுமா, வாணாமா?"

"வோணும்" என்றார்.

எட்டு வருஷத்தில் என் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசாதது அதுதான் முதல் தடவை. இப்போது மூடி மறைப்பதில் பயனில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அவர் உடம்பு தேறவேண்டும் என்றுதான் பத்தியம் வைத்தேன், அது சத்தியம். ஆனால் அவர் கேட்டு நான் இல்லை என்று சொல்கிற இடத்தில் இருந்தது எனக்கு உள்ளூர இனித்தது. நாலாம் நாளும் கேட்டார். அன்று நான் வாயால் பதில் சொல்லக்கூட இல்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

ஐந்தாம் நாள் காலையில் தலையணையிலிருந்து தலை எழும்பவில்லை. கையும் போய்விட்டிருந்தது. ஊட்டிய கஞ்சி தொண்டையில் இறங்காமல் நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் பாடுபட்டார். ஆள் அனுப்பி என் வீட்டுக்காரரை வரவழைத்தேன். கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கினார்கள், நான் பின்னால் நடந்தேன்.

புதிதாக வெட்டிய, பச்சை இலை வாடாத புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. ஒவ்வொரு மரத்திலும் கட்டிலை இறக்கி, கிளைக்குள் ஆள் நுழைந்து, தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் இறங்கி வந்து கை கொடுத்தார்கள். ஒருவர் குறுக்கே இருந்த கொம்பை வெட்டி வழி விட்டார். யாரும் எங்களை நிறுத்தவில்லை.

"இன்னும் எத்தினி மரம்டா?" என்று அத்தை மகனைக் கேட்டார். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கொஞ்சந்தாம்மா" என்றார் என் வீட்டுக்காரர். எத்தனை என்று அவருக்குச் சரியாகத் தெரியும். அழுதுகொண்டேதான் தூக்கி வந்தார்.

கள்ளக்குறிச்சி போய்ச் சேர உச்சிப் பொழுது ஆகிவிட்டது. அதே டாக்டர்தான். நெஞ்சில் ஒயரை ஒட்டி எடுத்த காகிதத்தைப் பார்த்ததும் அவசரமானார். பேதியானதையும் மாத்திரை தின்றதையும் கேட்டுக்கொண்டே பாட்டிலைத் தொங்கவிட்டார்.

"இது வாதமில்லம்மா. பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கு. நாம சோத்துல போடற உப்பு வேற, இது வேற. சதை வேலை செய்யறதுக்கு இது வேணும். பேதியில பாதி போச்சு, நீர் மாத்திரையில மீதி போச்சு. அது கம்மியாச்சுன்னா முதல்ல கெண்டைக்கால் இழுக்கும், அப்புறம் கால் விழும், கை விழும், மூச்சு திணறும். இதயமும் ஒரு சதைதானே? இப்ப நான் மருந்துல ஏத்தறேன், ஆனா சொட்டுச் சொட்டாத்தான் ஏத்தணும். வேகமா விட்டா அதுவே இதயத்தை நிறுத்திடும்."

சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "இத்தனை நாள் வாய்வழியா என்ன குடுத்தீங்க? எளநி, வாழைப்பழம், கீரை, இதுலதான் அந்தச் சத்து இருக்கு. எளநி குடுத்தீங்களா இல்லையா?"

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கிணற்றடித் தென்னை நாலும் கண் முன்னால் நின்றது.

"அது குடுத்துச்சு சார்" என்றார் அத்தை. கண் மூடித்தான் இருந்தது. "எளநி வெட்டி வாய்கிட்ட கொண்டாந்துச்சு. நான்தான் வாணாம்னுட்டேன்."

"ஏம்மா இப்படிப் புடிவாதம் புடிக்கிற?" என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அத்தையின் காலைப் பிடித்தேன். நான் பிடித்தது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

பாட்டில் பாதி இறங்குமுன் நெஞ்சு நின்றுவிட்டது. டாக்டர் குத்திப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். வெளியே வந்தபோது நான் அவரைத் தனியாக மறித்து, எளநி கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். நான் கொடுத்து அத்தை மறுத்ததாகத்தானே டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார், ஒரு மாதிரி என்னைப் பார்த்தார்.

"அது மட்டும் போதாதும்மா. மாத்திரையை அன்னைக்கே நிறுத்தியிருக்கணும், அன்னைக்கே இங்க வந்திருக்கணும். ஆனா கொஞ்சம் தாங்கியிருக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இப்போது வயதாகிவிட்டது. அம்மா பேச்சு வந்தால் இன்றும் வருகிறவர்களிடம் சொல்வார்: மரத்தை வெட்டி வழியை அடைத்தது என் தப்பு, இவள் கொண்டுபோய்க் கொடுத்த இளநீரைத் தொடாதது அம்மா தப்பு என்று. இரண்டையும் சொல்லிவிட்டு, இவள் மேல் மட்டும் ஒரு குறையும் இல்லை என்று முடிப்பார். அவர் சொல்லும்போதெல்லாம் நானும் பக்கத்தில்தான் இருக்கிறேன். வந்தவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கிறேன்.