சூடத்தை அணைக்க மறுத்தவன்

செய்யாத தவற்றை ஒப்புக்கொண்டால் எல்லாம் சுமுகமாகிவிடும் என்ற நிலையில், ஒப்புக்கொள்ள மறுக்கிறவனை நேர்மையானவன் என்பதா, பிடிவாதக்காரன் என்பதா? வாடிப்பட்டி முத்திருளனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். உள்ளிருந்து பார்க்கிறவனுக்குக்கூட வேறுபாடு தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமே.

அவனை நல்லவன் என்று சொல்வதற்கு நான் தயங்குவேன். கோபக்காரன். சொந்தத் தம்பியோடு பேச்சு இல்லை, ஏன் என்று இருவருக்குமே மறந்துவிட்டது. ஒருமுறை பேருந்தில் நடத்துனர் அவனை டிக்கெட் எடுக்காதவன் என்று நினைத்து நாலு பேருக்கு முன் அதட்டியிருக்கிறார். முத்திருளன் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். நடத்துனர் சரி என்று நகர்ந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டியது. அவனோ சமயநல்லூரிலேயே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தான். இதில் யாருக்கு என்ன லாபம் என்று அவன் மனைவி கனகலட்சுமி கேட்டாள்.

கனகலட்சுமியின் அண்ணன் நல்லகாமன் காய்கறி வியாபாரி. தோட்டங்களில் காய் எடுத்து, மதுரைப் பக்கத்துப் பரவை மார்க்கெட்டுக்கு அனுப்புகிறவர். 2008-ல் அவர் ஒரு புது டீசல் பிக்கப் வாங்கி, தங்கை கணவனையே ஓட்டுநராக வைத்தார். அவருக்கு ஒரு பழைய காயம் உண்டு. முந்தைய வேனை ஓட்டியவன் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமலே ஓட்டி, எஞ்சின் சூடேறி இறுகிப்போய், வேன் கொட்டாம்பட்டிப் பக்கம் நடுரோட்டில் நின்றுவிட்டது. ஒரு வண்டித் தக்காளி அங்கேயே அழுகியது. அன்றிலிருந்து சூடு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் மாறும். புது வண்டியை ஒப்படைத்தபோது முத்திருளனிடம் அவர் சொன்னதெல்லாம் தண்ணீர் பற்றித்தான்.

புது வண்டி பழைய வண்டி மாதிரி இல்லை. எஞ்சினைக் கவனிக்க உள்ளே ஒரு கம்ப்யூட்டர். ஏதாவது சரியில்லை என்றால் முன்பலகையில் ஆரஞ்சு விளக்கு எரியும். என்ன கோளாறு என்பது ஒரு எண்ணாக உள்ளே பதிவாகிவிடும். அந்த எண்ணைக் கோடு என்பார்கள். அதை வாசிக்கத் தனியாக ஒரு கருவி வேண்டும். வாங்கிச் சில வாரங்களிலேயே இந்த வண்டியில் விளக்கு எரிந்தது. டீசல் அதிகம் குடித்தது. சுமையோடு மேட்டில் ஏறும்போது இழுவை மந்தமாக இருந்தது. முத்திருளன் மதுரையில் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டான். அங்கிருந்தவர் எண்ணை வாசித்துவிட்டு நல்லகாமனுக்கு போன் செய்தார். கூலன்ட் டெம்பரேச்சர் கோடு வந்திருக்கு சார், கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும் என்றார். அவர் மேலே ஏதோ சொல்ல வந்திருக்கிறார். பிரிக்க வேண்டும் என்ற சொல்லோடு நல்லகாமன் போனை வைத்துவிட்டார். வண்டி பிரிக்கப்படாமலே ஊர் திரும்பியது.

எல்லாம் புரண்டது இந்த இடத்தில்தான். கூலன்ட் என்றால் எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர். டெம்பரேச்சர் என்பது அளவின் பெயர். கூடவும் செய்யும், குறையவும் செய்யும். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பிள்ளைக்கு டெம்பரேச்சர் இருக்கிறது என்றால் காய்ச்சல் என்று அர்த்தம். நெற்றி குளிர்ந்து கிடக்கும் பிள்ளைக்கு டெம்பரேச்சர் என்று இங்கே யாரும் சொன்னதில்லை. ஆகவே டெம்பரேச்சர் கோடு என்றால் எஞ்சினுக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்றால் தண்ணீர் ஊற்றவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை என்றால் ஓட்டியவன் குற்றவாளி. ஒரு சொல்லிலிருந்து தீர்ப்பு வரை மூன்றே எட்டு.

முத்திருளன் சொன்னது ஒன்றுதான்: வண்டி சூடாகவில்லை. சூடு காட்டும் முள் எழும்பவே இல்லை என்றான். முள் செத்துப்போயிருக்கும், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை என்றார்கள். ரேடியேட்டர் குழாயைக் கையால் பிடித்துப் பார்த்தேன், சுடவில்லை என்றான். வண்டி நின்ற பிறகு பிடித்திருப்பாய் என்றார்கள். டீக்கடையில் அவனுக்குப் பெயரே தண்ணி ஊத்தாதவன் என்று ஆகிப்போனது. கடைக்காரர் கிளாஸை நீட்டிக்கொண்டே, "அண்ணே, தண்ணி சேத்துருக்கேன். பாத்துக்கங்க" என்றார். சிரிப்பு அடங்கும்வரை நின்று, டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தான்.

கனகலட்சுமிக்கு ஒரு பக்கம் அண்ணன், மறு பக்கம் கணவன். மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அண்ணன் அதோடு விட்டுவிடுவார் என்றாள். அது உண்மைதான். நல்லகாமன் கொடியவர் அல்ல. மன்னிக்கத் தயாராகவே இருந்தார். மன்னிப்பதற்கு அவருக்கு ஒரு குற்றம் தேவைப்பட்டது. முத்திருளன் அதைக் கொடுக்க மறுத்தான். மறுத்தால் ஓட்டுநர் வேலை போகும். அதைவிட, மனைவியின் பிறந்த வீட்டில் அவன் பொய்யன் என்று ஆகிவிடும். இது அவனுக்கும் தெரியும்.

கடைசியில் நல்லகாமன் ஊர் வழக்கத்துக்குப் போனார். காவல் தெய்வமான கருப்பு கோயில் வாசலில் சூடம் ஏற்றி, செய்யாதவன் என்றால் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. அன்று காலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். சூடம் எரிந்தது. உண்மையில் செய்யாதவனுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. கையை வைத்தால் முடிந்தது.

முத்திருளன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அணை மாப்ள. செய்யலேன்னா எதுக்குப் பயப்படுற?" என்றார் நல்லகாமன்.

"கெட்டுப்போனது எஞ்சின். எஞ்சினக் கேக்காம சாமியக் கேக்குறீங்களே மச்சான்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். சூடம் தானாக எரிந்து முடிந்தது. அணைந்ததும் எல்லோருக்கும் விடை கிடைத்துவிட்டது: கை வைக்காதவன் குற்றம் செய்தவன்தான். நல்லகாமன் சாவியைக் கேட்டார்.

"தர மாட்டேன். கோளாறு என்னன்னு பாத்துட்டுத் தாரேன். நீங்களும் ஏறுங்க. நான் எதையும் மாத்திட்டேன்னு பெறகு சொல்லப்படாது."

நல்லகாமன் ஏறினார். வண்டியை இவனிடம் தனியாக விட மனமில்லாததால் ஏறினார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனையூரில் துளசிராம் என்ற மெக்கானிக்கிடம் கோடு வாசிக்கும் கைக்கருவி ஒன்று இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம், அண்ணன்மார் சாயப்பட்டறை நடத்த, இவர் மட்டும் எஞ்சின், கிரீஸ் பக்கம் வந்துவிட்டவர். அவரும் முதலில் ஊரோடு சேர்ந்தே தப்பு செய்தார். டெம்பரேச்சர் என்று கேட்டதும் ரேடியேட்டரைத் திறந்தார். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது. விசிறியைப் பார்த்தார், ஒழுகல் தேடினார், கடைசியில் சூட்டை அளக்கும் சென்சார்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, வேறு ஒன்றை மாட்டினார். எண்ணை அழித்து ஒரு சுற்று ஓட்டியதும் விளக்கு மறுபடி எரிந்தது. நல்லகாமன் முத்திருளனைப் பார்த்தார்.

அதன் பிறகுதான் துளசிராம் கருவியில் எண்ணுக்கு எதிரே இருந்த விளக்கத்தை நிதானமாக வாசித்தார். இரண்டாம் முறை வாசித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். கருவியை வண்டியில் செருகி, அதன் திரையை நல்லகாமன் கையிலேயே கொடுத்து, ஓடும்போது எஞ்சின் சூடு எவ்வளவு என்று வாசித்துக்கொண்டே வரச் சொன்னார். முத்திருளன் ஓட்டினான். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து, சித்திரை வெயிலில் திண்டுக்கல் சாலையில் போனார்கள். நல்லகாமன் வாசித்தார்: நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தெட்டு. சமயநல்லூர் தாண்டியும் அறுபதைச் சுற்றியே நின்றது. இறக்கத்தில் குறைந்தது.

"எம்புட்டு வரணும்?" என்று கேட்டார்.

"எம்பத்தஞ்சாவது வரணும்ணே. இது சுடவே இல்ல. ஆறிப்போய்க் கெடக்கு. சாயத்தொட்டி மாதிரிதான். சூடு பத்தலேன்னா நூல்ல சாயம் ஏறாது. இதுல டீசல் சரியா எரியாது."

நல்லகாமன் திரையை இன்னொரு முறை பார்த்தார். வெளியே அனல் அடிக்கிறது. உள்ளே எஞ்சின் குளிரில் கிடக்கிறது என்கிறார்கள். எங்கள் சீமையில் இது நம்புகிற பேச்சு இல்லை.

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயைக் கழற்றினார்கள். அங்கே தெர்மோஸ்டாட் என்ற ஒரு சிறு வால்வு இருக்க வேண்டும். எஞ்சின் வேண்டிய அளவு சூடாகும்வரை தண்ணீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அந்த இடம் வெறும் ஓட்டையாக இருந்தது.

துளசிராம் விரலை உள்ளே விட்டுத் தடவிவிட்டு, இதை யார் கழற்றியது என்று கேட்டார். முத்திருளன் இல்லை என்று தலையசைத்தான்.

"நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார் நல்லகாமன். "வண்டி எடுத்த வாரமே, மாப்ளகிட்டத் தர்றதுக்கு முன்னாடி. சோணைமுத்துகிட்ட."

சோணைமுத்து வாடிப்பட்டியின் பழைய மெக்கானிக். அவர் கடையில் கழற்றிய வால்வுகள் ஒரு கம்பியில் மாலையாகத் தொங்கும். தண்ணீர் தடையில்லாமல் ஓடினால் எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும், இந்த வெயிலுக்கு வால்வு எதற்கு என்பது அவர் கட்சி. வேன், லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். அந்த வண்டிகளும் ஓடின. அவற்றுக்குள் கம்ப்யூட்டர் போலக் கணக்குப் பார்க்கிறவன் யாரும் இல்லை. முள் கீழேயே கிடந்தால் நல்ல வண்டி என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். முத்திருளனும் நம்பியவன்தான், முள் எழும்பவில்லை என்று அவன் சொன்னது வண்டி நன்றாக இருக்கிறது என்ற அர்த்தத்தில். அவன் சொன்னதே கோளாறு என்பது அவனுக்கும் தெரியாது. சர்வீஸ் சென்டர்க்காரர் சரியாகவே சொல்லியிருக்கிறார். கேட்டவர்தான் பாதியில் வைத்துவிட்டார்.

அது நல்லகாமன் அக்கறையில் செய்தது. குற்றவாளி என்று யாரையும் கைகாட்ட முடியாத ஒரு தவறு. இதுபோன்ற தவறுகளுக்குத்தான் நாம் அவசரமாக ஆள் தேடுகிறோம்.

புது வால்வு மாட்டியதும் முள் நடுவுக்கு வந்து நின்றது. விளக்கு திரும்ப எரியவில்லை. இருவரும் வாடிப்பட்டி வந்து சேர்ந்தார்கள். முத்திருளன் சொன்னபடியே சாவியை நீட்டினான். நல்லகாமன் அதை வாங்கவில்லை. "காலையில பரவைக்குப் போகணும் மாப்ள" என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். ஆனால் டீக்கடையில் வால்வு கழற்றச் சொன்னது யார் என்று தானே சொல்லியிருக்கிறார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

இதற்குப் பிறகு யாரும் சத்தியம் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் காலை, புடலங்காய் ஏற்றிக்கொண்டு இருவரும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்கள். கருப்பு கோயில் முன்னால் முத்திருளன் வண்டியை நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்கடையில் சூடம் வாங்கினான். அதே இடத்தில் கல்லின் மேல் வைத்து ஏற்றினான். சுடர் நன்றாக எழும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி அணைத்தான்.

நல்லகாமன் இறங்கி ஓடி வந்தார்.

"யாரு கேட்டா மாப்ள இப்ப?"

"ஏறுங்க மச்சான். மார்க்கெட்டுக்கு நேரமாச்சு."

கையிலிருந்த கரி ஸ்டியரிங்கில் ஒட்டியது. அவன் அதைத் துடைக்கவில்லை. கேட்டபோது மறுத்தவன், யாரும் கேட்காதபோது எதற்காகச் சத்தியம் செய்தான் என்று கனகலட்சுமி பலமுறை கேட்டிருக்கிறாள். நானும் ஒருமுறை கேட்டேன். அவன் அந்த வருடத்துப் புடலங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினான்.