தாம்பாளத்தில் வந்த எஞ்சின் ஆயில்

எங்கள் மாமாவுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இருந்தால் போதும், எந்த எண்ணெயின் ஜாதகத்தையும் சொல்லிவிடுவார். அம்மாவுக்கு அண்ணன், ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருந்தார். செக்குக்குப் போனால் ஒரு சொட்டு எடுத்துத் தேய்ப்பார், மோந்து பார்ப்பார், "இது போன வருசத்து எள்ளு" என்பார். செக்குக்காரர் தலையைச் சொறிவார். "எண்ணெய் விசயத்துல என்னய ஒருத்தனும் ஏமாத்த முடியாது மருமகளே" என்று அவர் சொல்லும்போது, ஒன்பது வயது மருமகளான நான் வாயைப் பிளந்துகொண்டு நம்புவேன். பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவருகிற மனுசர் சொன்னால் நம்பாமல் எப்படி?

அந்த மாமாவும் என் சித்தியும் எட்டு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை. சித்தி அம்மாவின் தங்கை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலேயே தங்கி, நூல் மில்லில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளத்தைச் சேர்த்து நகை வாங்குவாள் என்று வீடே நினைத்திருக்க, ஒருநாள் நானூறு சிசி பைக் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். ஒருவர் ஓட்டிக் கழித்த வண்டிதான். ஆனாலும் அதைக் கிளப்பினால் எங்கள் அடுப்படியில் தட்டுகள் அதிரும். கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயத் தடத்தில் ஓட்டப்போகிறேன் என்று வேறு சொன்னாள். மாமா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கடைசியில் அம்மா நடுவில் புகுந்து ஒரு முடிவு கட்டினாள். பெண்களுக்கான தேர்வு ஓட்டத்தில் முதல் ஆறு பேருக்குள் வந்தால் சித்தி தொடர்ந்து ஓட்டலாம். வராவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். சித்தி மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்த்திருக்க வேண்டும்! பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கெட்டது. வண்டியோடு வந்த புத்தகத்தைச் சாப்பிடும்போதும் படிப்பாள். ஆயில் வாங்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் தங்க நிற டப்பா ஒன்றை எடுத்து வைத்து, "இருக்குறதுலயே இதுதான் ஒசத்தி. பெரிய பெரிய காருக்கெல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். சித்தி அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதுகைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"ஒசத்தியா இருந்தா மட்டும் போதுமாண்ணே? என் வண்டிக்கு ஒத்துக்கணும்ல?" என்று சொல்லி, அதைவிட விலை குறைந்த வேறொன்றில் இரண்டு டப்பா வாங்கினாள். உள்ளே ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருந்தது. சித்தி இவ்வளவு கஞ்சமா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் சித்தி பழைய ஆயிலை இறக்கிவிட்டு, புதியதை ஊற்றப்போகும் நேரத்தில் வாசலில் மாமாவின் கார் வந்து நின்றது. அத்தை கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, பூ, கொய்யாப்பழம், நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து அதே தங்க நிற டப்பா.

"தங்கச்சி மொத மொதல்ல பந்தயத்துக்குப் போறா. அண்ணன் சீர் இல்லாமப் போகலாமா?" என்றார் மாமா. எட்டு மாதக் கோபம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பக்கம் அண்ணன் கொண்டுவரும் சீரைத் தங்கை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் உறவே அத்துப்போனது என்று அர்த்தம். பட்டுச் சேலையோ அரிசி மூட்டையோ எதுவானாலும் அதே சட்டம்தான்.

சித்தி டப்பாவை எடுத்து, வழக்கம்போல முதுகைத் திருப்பிப் படித்தாள். ஒரு கணம் முகம் செத்துப்போயிற்று. அடுத்த கணம் சிரித்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ராகு காலம் வர்றதுக்குள்ள நானே ஊத்துறேன்" என்று மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்து, "தேனு மாதிரி இருக்குல்ல!" என்று பெருமைப்பட்டு, முழுவதையும் ஊற்றினார். "இந்தா தாயி, கெளப்பு. சத்தத்தக் கேப்போம்."

சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். "அய்யோ அண்ணே, பத்தரை ஆயிருச்சே. ராகு காலத்துல கெளப்ப வேணாம்."

ராகுவாவது கேதுவாவது என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவள் அவள்! அம்மா மயங்கி விழாததுதான் குறை.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வீடே குறட்டை விட்டது. நான் பின்பக்கம் போனபோது சித்தி வண்டிக்கு அடியில் சட்டியை வைத்து, மாமாவின் சீரைச் சொட்டு விடாமல் இறக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"மாமாட்ட சொல்றேன் பாரு!"

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "செத்த நேரம் கேளு. கார்ல கிளச்சு தனியா இருக்கும். இந்த வண்டில கிளச்சும் எஞ்சினும் ஒரே எண்ணெய்லதான் குளிக்குது. மாமா வாங்குனது கார் எண்ணெய், நல்லா வழுக்கணும்னே மருந்து போட்டது. என் கிளச்சு அப்புடி வழுக்குனா என்னாகும்? நான் முறுக்குவேன், எஞ்சின் கத்தும், வண்டி போகாது. எட்டாவதா ஒம்பதாவதா வந்து வண்டிய வித்துட்டு நிக்கணும். கெளப்புனா கிளச்செல்லாம் ஊறிரும்னுதான் காலைல ராகு காலத்தச் சொன்னேன்."

"அப்ப மாமாட்டயே சொல்லிற வேண்டியதுதான?"

"அவரு அம்புட்டு ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு. எப்புடிச் சொல்ல?" என்றாள்.

வாங்கிய இரண்டு டப்பாவில் கொஞ்சம் எடுத்து உள்ளே அலசி இறக்கிவிட்டு, மீதிச் சிவப்பு எண்ணெயை அளந்து ஊற்றினாள். மாமாவின் எண்ணெயைத் திரும்ப டப்பாவில் பிடித்து மூடினாள். அது பிறகு அப்பாவின் காருக்குப் போனது. அந்தக் காருக்கு அது அம்சமாகப் பொருந்தியது. இந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாமா கொடுத்த கொய்யாப்பழத்தையெல்லாம் தின்னாமல் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்கு எல்லோரும் போனோம். மாமா புது வெள்ளை வேட்டி. சித்தி கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் மாமா வண்டிப் பக்கம் குனிந்து, "எண்ணெய் எப்புடி இருக்குன்னு பாப்போம்" என்று மூடியைத் திருகி எடுத்துவிட்டார்.

மூடியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்தார். மோந்து பார்த்தார். தேய்ப்பதை நிறுத்தி விரலையே பார்த்தார். பிறகு அவசரமாக விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மூடியை இறுக்கித் திருகினார்.

"நம்ம எண்ணெய்தேன்!" என்று ஊருக்கே கேட்கச் சத்தமாகச் சொன்னார். "வாசமே தெரியுதுல்ல. போயிட்டு வா தாயி, ஒரு கை பாத்துட்டு வா."

சித்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே! வளைவில் முழங்கால் தரையைத் தொடுமளவு சாய்ந்து, நிமிரும்போது முறுக்கினால் வண்டி அம்பாகப் பாயும். இழுவை ஓர் இடத்திலும் விட்டுப்போகவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டி ஆறாவதாக வந்தாள். அம்மா கும்பிட்டாள். மாமா பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் பிடித்து, "நான் வாங்கிக் குடுத்த எண்ணெய்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சித்தியிடம் ஓடினேன். அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன்: "சித்தி, மாமா ஏமாந்துட்டாரு. அவருக்கு எண்ணெயே பாக்கத் தெரியல."

சித்தி தூரத்தில் நின்ற மாமாவின் வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். அதில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கறை. பார்த்துக்கொண்டே இருந்தவள், ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆறுக்குள் வந்தாயிற்று, வண்டியும் அவளுக்கே ஆயிற்று, மாமாவும் கண்டுபிடிக்கவில்லை. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. திண்டுக்கல் வந்து சேரும்வரை காரில் நான் மாமாவின் மடியில்தான் உட்கார்ந்து வந்தேன். இவ்வளவு நல்ல மாமாவுக்கு இப்படி விரல் மழுங்கிப்போய்விட்டதே என்று வழியெல்லாம் எனக்குப் பாவமாக இருந்தது.