லிவரைத் தொடாமல் இருந்திருக்கலாம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் என் தப்பும் உண்டு. ஆனால் முதல் தப்பு என்னுடையது இல்லை.

சின்ன வயதிலேயே என் இடது கால் சூம்பிப்போய்விட்டது. கொஞ்ச தூரம் நடந்தாலே இடுப்புவரை வலிக்கும். ஆனால் சைக்கிள் மிதிப்பேன், கியர் இருந்தால். ஜவ்வாது மலையில் எங்கள் ஊரிலிருந்து நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடம் ஆறு கிலோமீட்டர், பாதிக்கு மேல் ஏற்றம். சாதா சைக்கிள் என்றால் இரண்டு காலும் நன்றாக இருப்பவனே இறங்கித் தள்ள வேண்டியதுதான். என்னிடம் இருந்தது பழைய வெளிநாட்டு கியர் சைக்கிள். வாணியம்பாடிக்குத் தோல் வாங்க வந்த யாரோ விட்டுப்போனது. அங்கே பழைய சாமான் விற்கும் ஒரு பாயிடம் வாங்கினேன். அதன் கீழ்க்குழாயில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு லிவர் இருக்கும். அதை இழுத்தால் பின்னால் சங்கிலி பெரிய பல்சக்கரத்துக்கு ஏறி மிதி லேசாகிவிடும். பதினெட்டு வருடம் அதில்தான் போனேன். ஒருநாள்கூட எவன் வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. "ஏறுங்க சார்" என்று நிறுத்துகிறவர்களை எல்லாம் கையசைத்து அனுப்பிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

போன மாசியில் ஏற்றத்தின் நடுவில் கியர் வயர் பட்டென்று அறுந்தது. வயர் அறுந்தால் சங்கிலி சின்னப் பல்சக்கரத்தில் போய் விழுந்துவிடும். மலையில் அதை மிதிக்க முடியாது. கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். இரண்டாம் நாளே கட்டு நழுவி, சங்கிலி போக்ஸ் கம்பிக்குள் சிக்கி, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

படவேட்டில் கேட்டேன், மொபெட் கிளட்ச் வயரை எடுத்து நீட்டினார்கள். சந்தவாசலில் பிரேக் வயர்தான் இருந்தது. கலசப்பாக்கத்தில் ஒரு கடைக்காரர், "சைக்கிளுக்கு கியரு இன்னாத்துக்கு சார்?" என்று என்னையே கேட்டார். பிறகு என் காலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கேள்வியைவிட அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

கடைசியில் லிவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வேலூர் போனேன். அங்கே ஒரு கடைக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. வயரின் நுனியில் மிளகளவு ஓர் உலோகக் குண்டு இருக்கும். அது லிவரின் குழியில் உட்கார்ந்தால்தான் வயர் நிற்கும். இப்போது வருகிற வயரில் அந்தக் குண்டு மயிரிழை பெரிது. "பழைய லிவர் சார் இது. வயர் தலையத் தேய்ச்சி உள்ள வுடுங்க. லிவரத் தொட்டுடாதீங்க. வயரு போனா இன்னொண்ணு வாங்கலாம், இது போனா போனதுதான்" என்றார். ஒரே ஒரு வயர்தான் வைத்திருந்தார். அதை வாங்கி வந்தேன்.

தினமும் சாயங்காலம் அரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் தேய்ப்பேன், குழியில் வைத்துப் பார்ப்பேன், மறுபடி தேய்ப்பேன். ஒரேயடியாகத் தேய்த்தால் குண்டு கையோடு வந்துவிடும். அதுவரை பஸ்ஸில் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து நடந்து கால் வீங்கியது. பக்கத்து வீடுதான் என் தம்பிக்கு. அவன் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது? வூட்டுல வண்டி சொம்மாத்தான கீது, ஏறேன், வுட்டுட்டு வர்றேன்" என்றான். "உன் வேலையப் பாருடா" என்றேன். அவன் முகம் சுண்டிப்போனது. நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்புக்காகக் கலசப்பாக்கம் போயிருந்தேன். திரும்பி வந்தால் சைக்கிள் வாசலில் தயாராக நிற்கிறது, பக்கத்தில் தம்பி, வாயெல்லாம் பல். புளி ஏற்றிப்போன லாரியில் சைக்கிளையும் லிவரையும் போட்டுக் கீழே கொண்டுபோயிருக்கிறான்.

"ஒரு மாசமா தேச்சினே கீறியேண்ணா. மெக்கானிக்குக்குப் பத்தே நிமிசம். புது வயர எதுக்குத் தேய்க்கணும்னு கேக்குறான். ஓட்டையப் பெருசாக்கி மொபெட் வயரயே போட்டுட்டான், பாரு!"

குனிந்து பார்த்தேன். டிரில்லைப் போட்டுக் குடைந்திருந்தார்கள். குழியின் ஒரு பக்கச் சுவர் காகிதம் மாதிரி ஆகியிருந்தது.

அன்றைக்கு நான் பேசியதை எழுதக் கை கூசுகிறது. "உன்னக் கேட்டனாடா? நொண்டி உன் பின்னாடி உக்காந்து போறத ஊரே பாக்கணும், அதான உனுக்கு வேணும்? வேணும்னே ஒடச்சி எடுத்தாந்துட்டு இளிக்கிற!" அவன் மனைவி, பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் திருப்பிக் கத்தியிருந்தால் தேவலை. "சரிண்ணா. இனிமே நீயா வந்து கேட்டாத்தான் வண்டிய எடுப்பேன்" என்றான். உள்ளே போய்விட்டான்.

திங்கட்கிழமை அந்தச் சைக்கிளிலேயே கிளம்பினேன், அவன் பார்க்கட்டும் என்றுதான். முதல் ஏற்றத்தில் லிவரை இழுத்தேன். சுவர் பிளந்து குண்டு தெறித்து வந்தது. வேலூர்க் கடைக்காரர் போனில் உச்சுக் கொட்டினார். இப்போது வருகிற லிவர் எதுவும் அந்தக் குழாயில் உட்காராதாம். புது கியர் சைக்கிளும் பார்த்தேன். உயரம், என் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியவில்லை. இனி பஸ்ஸுக்குக்கூட நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் என்மேல் இருந்த பாசத்தில்தான் செய்தான். கத்திக்கொண்டிருந்தபோதே அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். மன்னிப்புக் கேட்க இன்றுவரை வாய் வரவில்லை.

காலை எட்டேகாலுக்கு அவன் வாசலில் போய் நிற்கிறேன். வண்டியைத் துடைத்து ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பான். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சாவியை மட்டும் தொட மாட்டான். "கொஞ்சம் கொண்டுபோய் வுடுறியாப்பா?" என்று நான் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் எழுந்திருக்கிறான்.