இருட்டுப் பெட்டிக்குள் என் டார்ச்

ரஹீம் அண்ணன் இன்று காலை இறந்துவிட்டார். எங்கள் பள்ளி லேப் உதவியாளர். மாரடைப்பாம்... வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்.

அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

போன வருட அறிவியல் கண்காட்சிக்கு, பாபநாசத்தில் எங்கள் பருத்திக் கொல்லையிலிருந்து காய்ப்புழு கொண்டுவந்து லேப்பில் இரண்டு அட்டைப்பெட்டிகளில் வளர்த்தேன். ஒன்றில் பல்பு காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை எரியும். இன்னொன்றில் மாலை நான்கு வரைதான்.

பூச்சிகளின் உடம்பில் கடிகார மரபணுக்கள் உண்டு. பகல் சுருங்கினால் பருவம் மாறுகிறது என்று அவற்றுக்குத் தெரிந்துவிடும். புழு அந்துப்பூச்சியாகாமல் கூட்டுக்குள் உறங்கிவிடும். அதைக் காட்டத்தான் இந்த ப்ராஜெக்ட்.

ஞாயிற்றுக்கிழமைகூட சைக்கிளில் வந்து பல்பு போட்டது ரஹீம் அண்ணன். "எம் பிள்ளைங்களுக்காகக்கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்திரிச்சதில்ல பாப்பா, உன் புழுவுக்கு எழுந்திரிக்கிறேன்" என்பார்.

ஆனால் நான்கு மணிப் பெட்டியில் ஒன்றுகூட உறங்கவில்லை. எல்லாம் அந்துப்பூச்சியாகிவிட்டன.

ஹெச்.எம். கேட்டபோது, "அண்ணன் லைட்டைச் சரியா அணைக்கல மிஸ்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"ஒரு ஸ்விட்சை அணைக்கறதுல என்னங்க கஷ்டம்?" என்று எல்லோர் முன்னாலும் அவரைக் கேட்டார்கள்.

"அணைச்சேன் மேடம்." அவ்வளவுதான் சொன்னார்.

தினமும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழரைக்கு, ஆசை தாங்காமல், அந்தப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவள் நான். லேப் சாவியைக் கொடுத்ததே அவர்தான். அதை அவர் அன்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

இருட்டில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே, இன்னும் பகல்தான் என்று புழுவின் கடிகாரம் எடுத்துக்கொள்ளும். பொங்கல் லீவில் ஒரு நூலகப் புத்தகத்தில் படித்தேன். அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன்.

பள்ளி திறந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு ரிவிஷன் முடியட்டும்... பிராக்டிக்கல் முடியட்டும்...

போன வாரம் வராண்டாவில் நிறுத்தி, "என்ன பாப்பா, இந்த வருஷம் புழு இல்லையா? எனக்கு இன்னும் அஞ்சரைக்கே முழிப்பு வந்துடுது" என்றார். நான் சிரித்துவிட்டு வகுப்புக்குள் போய்விட்டேன்.

ஹெச்.எம். அவரைக் கேட்ட அன்று அங்கே நின்ற எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் அப்பாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதுகிறேன்.

அண்ணே, நாலு மணிக்கு நீங்க லைட்டைச் சரியாத்தான் அணைச்சீங்க. டார்ச் அடிச்சது நான்.

போயிட்டு வாங்க அண்ணே.