நின்றுபோன மெஷினுக்கு ஒரு கையேடு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நாங்கள் விற்கும் சர்வர் எங்காவது திடீரென்று நின்றுபோனால், அதன் கர்னல், அதாவது மெஷினையே நடத்தும் அடிப்படை மென்பொருள், கடைசி நொடியில் மெமரியை அப்படியே ஒரு கோப்பாகக் கொட்டிவைக்கும். டம்ப் என்போம். அதைக் கிளறி, ஏன் நின்றது என்று சொல்வது என் பாடு. கையால் தேடினால் பொழுது போய்விடும். அதனால் டம்பைத் திறக்கும் டூலோடு சேர்ந்து ஓடுகிற மாதிரி பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் எழுதினேன். உள்ளே எந்த வேலை எதற்காகக் காத்துக் கிடந்து மெஷின் உறைந்தது என்று ஒரே கட்டளையில் காட்டிவிடும்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. ஸ்கிரிப்டை ஓட்டுகிற எல்லோரும் எனக்கு போன் போட்டார்கள். அப்பாவுக்கு ஆவடியில் டயாலிசிஸ் நடக்கும் நாளிலும் விடவில்லை. அவர் கையில் ட்யூப், என் காதில் போன்.

"நின்னுபோன மெஷினுக்கு இவ்வளவு பேச்சாம்மா?" என்றார் அப்பா. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

சரி, எழுதிவைத்துவிடலாம் என்று ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் விளக்கம் எழுதிப் போட்டேன். போன் குறையவே இல்லை. ஐயப்பன்தாங்கலிலிருந்து வரும் சக ஊழியன் ஒருவன், என்னைவிடச் சின்னவன், மதியம் சாப்பிட்டுவிட்டு என் சீட்டுக்கு வந்தான்.

"இன்னாக்கா இது? ஸ்கிரிப்டு இன்னா பண்ணுதுன்னு எழுதிக்கீறீங்க. நான் இன்னா பண்ணணும்னு எங்க கீது?"

சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவன் கேட்டது நியாயம். பழைய டம்ப் ஒன்றைக் கொடுத்து, "நான் எழுதினதைப் பார்த்தே செய். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன். முதல் படியிலேயே முழித்தான். டம்பில் இருக்கும் வெறும் எண்களுக்குப் பெயர் சொல்வது சிம்பல் கோப்பு; எந்த கர்னலுக்கு எந்த சிம்பல் கோப்பு என்று நான் எழுதவே இல்லை. என் கை பழக்கத்தில் தானாகச் செய்துவிடும். அவன் முழித்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு முழுவதையும் ஒரு கையேடாகத் திருப்பி எழுதினேன். இந்த முறை ஸ்கிரிப்டிலிருந்து தொடங்கவில்லை. மெஷின் உறைந்ததா, தானாக ரீஸ்டார்ட் ஆனதா என்பதிலிருந்து தொடங்கினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

பிறகு ஒரு டயாலிசிஸ் நாளில் போன் அடிக்கவே இல்லை. சிக்னல் இல்லையோ என்று நானே அவனைக் கூப்பிட்டேன்.

"காலைல ஒரு டம்ப் வந்துச்சுக்கா. டிஸ்க்க ஓட்டுற டிரைவர் புரோகிராம்தான் மாட்டிக்கினு இருந்துச்சு. கையேட்ட பார்த்தே பதில் அனுப்ச்சிட்டேன். நீங்க நைனாவ பாருங்க."

சந்தோஷம் என்று சொல்ல முடியாது. உடம்பு அப்படியே தளர்ந்தது. சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அப்பாதான் எழுப்பினார். "ட்யூபை எடுத்தாச்சும்மா, வா, போலாம்."

கொஞ்ச நாளில் புது கர்னல் வந்தது. உள்ளே ஏதோ பெயர்கள் மாறி, இரண்டு ஸ்கிரிப்ட்கள் கன்னாபின்னாவென்று காட்டின. மறுபடியும் உட்கார்ந்தேன். "ஸ்கிரிப்டை நான் பார்க்கிறேன், கையேட்டை நீ மாத்து" என்று அவனிடம் சொன்னேன்.

"நானாக்கா?" என்றான். அவனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெருமூச்சு விட்டுக்கொண்டே உட்கார்ந்தான்.